சீனி வேண்டாம் என்றால் ‘சுகரா?’ என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வெள்ளைச் சீனியை 21 நாளில் அடியோடு விடுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் நோக்கம் நல்லது. ஆனால் ‘மன உறுதி இருந்தால் போதும்’ என்று மூன்று நாலு இடத்தில் எழுதியிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் முதல் தடவை தோற்றேன், தோற்றதும் எனக்கு மன உறுதியே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 48. திருநெல்வேலி டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு பாளையங்கோட்டையில். எங்கள் பக்கத்தில் சீனி என்றால் வெள்ளைச் சீனி, சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை அல்லது வியாதி. சென்னையில் பழைய ஆட்கள் அஸ்கா என்பார்கள், ஒடிசாவில் அஸ்கா என்ற ஊரின் ஆலையிலிருந்து வந்த பெயர் அது. எந்தப் பெயரில் சொன்னாலும் நான் பேசுவது டப்பாவிலிருந்து ஸ்பூனில் அள்ளிப் போடுகிற அந்த வெள்ளைப் பொருளைத்தான்.

என் அம்மாவுக்கு இருபது வருஷம் சர்க்கரை. கடைசி மூன்று வருஷம் கால் புண். இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டியது நான். கட்டைப் பிரிக்கும்போது அம்மாவுக்கு வலிக்கவே வலிக்காது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கும். வலித்திருந்தால் புண்ணை முதலிலேயே பார்த்திருப்பாள். அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து நான் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதத்துச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எண், 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 6.5 வந்தால் வியாதி, நான் நடுவில். மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைப் பாருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் பார்த்தேன், நமக்குத் தெரிந்த வேலை அதுதானே. வீட்டில் ஐந்து பேர். மாதம் ஐந்து கிலோ சீனி, ரேஷனில் இரண்டு, கடையில் மூன்று. தலைக்கு ஒரு கிலோ என்றால் ஒரு நாளைக்கு 33 கிராம். இது வீட்டுக்குள் மட்டும். அப்புறம் வேலை இடத்தில் இரண்டு டீ, பிஸ்கட், யாராவது பிறந்தநாள் என்று கொடுக்கும் கேக், கல்யாண வீட்டுக் கேசரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, உணவில் சேர்க்கிற சர்க்கரை மொத்த சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது, அதாவது ஏறக்குறைய 25 கிராம், ஆறு சின்ன ஸ்பூன். தேனும் பழச்சாறும்கூட அந்தக் கணக்கில் வரும். வாசல்படி தாண்டுவதற்குள்ளேயே நாங்கள் அந்த ஆறு ஸ்பூனைத் தாண்டியிருக்கிறோம்.

முதல் தடவை, கட்டுரையாளர் இப்போது சொல்கிற மாதிரியேதான் செய்தேன். ஒரே நாளில் நிறுத்தினேன், டீயையும் சேர்த்தே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைவலி. சீனியை விட்டதாலா டீயை விட்டதாலா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். பதினோராம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், அடுக்களையில் நின்றுகொண்டே டப்பாவிலிருந்து மூன்று ஸ்பூன் சீனியை வெறும் வாயில் போட்டுக்கொண்டேன். என் அத்தை, அதாவது மாமியார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள். அவ்வளவுதான், அத்தோடு முடிந்தது.

இரண்டாம் தடவை நாட்டுச் சர்க்கரைக்கு மாறினேன். உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் எழுதுவதுதானே, வெள்ளைச் சீனி விஷம், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் அமிர்தம் என்று. மூன்று மாதம் டீ, பாயசம், பணியாரம் எல்லாவற்றிலும் நாட்டுச் சர்க்கரைதான். தித்திப்பு குறைவாகப் பட்டதால் ஒன்றரை ஸ்பூன் போட்ட இடத்தில் இரண்டரை போட்டேன். நல்லதுதானே என்ற தைரியம் வேறு. பரிசோதித்தால் 6.2. கருப்பட்டி, வெல்லம், பனங்கற்கண்டு எல்லாம் ருசியில் வேறு, மணத்தில் வேறு, கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடி கருப்பட்டி எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துச் சரக்கு, அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, சுக்குக் காப்பியில் அது இல்லாமல் முடியாது. ஆனாலும் ரத்தத்துக்குள் போன பிறகு அதற்குத் தனி மரியாதை கிடையாது. போதாததற்கு வெல்லத்திலும் கருப்பட்டியிலும் வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சுகிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மூட்டை மூட்டையாகப் பிடித்த செய்தியை நீங்களே போட்டிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் அதே வெல்லத்தைச் சீனிக்கு மாற்று என்று எழுதினால் வாசகர் எதை நம்புவது?

மூன்றாம் தடவைதான் உருப்படியாக நடந்தது. இப்போது ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. கடைசிப் பரிசோதனையில் 5.6. இந்தத் தடவை உறுதியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் ஆசை எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் குறித்தேன். சாப்பிடக் கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் முதல் மூன்று வாரம் வைக்கவில்லை. குறிப்பு மட்டும்தான்.

மூன்று வாரத் தாளையும் ஊசியில் குத்தி வைத்து வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாள் பூராவும் சீனி ஆசையோடு திரிகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. வேலை நாளில் மூன்று ஐம்பதிலிருந்து நாலேகாலுக்குள் ஒரு தடவை, ராத்திரி டிவி முன்னால் ஒன்பதரைக்கு ஒரு தடவை. வந்தால் பதினைந்து இருபது நிமிஷம். தாடைக்கு உள்பக்கம் ஊறும், கை தானாக மேஜை டிராயர் பக்கம் போகும், கூட்டின எண்ணை மறுபடி கூட்டுவேன். அப்புறம் அது பாட்டுக்குப் போய்விடும். மத்தியானம் வெறும் சோறும் ரசமும் ஒரு அப்பளமும் கொண்டுபோன நாளெல்லாம் நாலு மணி ஆசை மோசமாக இருந்தது. பயறுக் குழம்போ முட்டையோ கூட்டோ இருந்த நாளில் லேசாக இருந்தது, சில நாள் வரவே இல்லை. அத்தைக்கு இருமல் வந்து நான் ராத்திரி தூங்காத மறுநாள் காலையிலிருந்தே வாய் தித்திப்பு தேடியது. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ஆனால் என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் அந்த இருபத்தோரு தாளில் இருந்தது. பாதி நாள் எனக்கு வந்தது பசி. பசியைச் சீனி ஆசை என்று நினைத்திருக்கிறேன்.

ஆகவே சாப்பாட்டுப் பாத்திரத்தை மாற்றினேன். சோற்றைக் குறைத்துக் கூட்டை ஏற்றினேன். மூன்றரைக்கு, ஆசை வருவதற்கு முன்னாலேயே, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை அல்லது காலையில் அவித்த தட்டைப்பயறு. ராத்திரி ஒன்பதரைக்கு அடுக்களை விளக்கை அணைத்துவிட்டுப் பல் தேய்த்துவிடுவேன். பல் தேய்த்த வாய்க்குத் தின்பண்டம் பிடிக்காது, முயன்று பாருங்கள். டீயை நிறுத்தவில்லை, சீனியை மட்டும் குறைத்தேன், வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம். இரண்டு ஸ்பூன் ஒன்றரையாகி, ஒன்றாகி, அரையாகி, ஐந்தாம் வாரம் ஒன்றுமில்லை. முதலில் டீ வெறும் துவர்ப்பாக, கஷாயம் மாதிரி இருந்தது. இரண்டு மாதம் போன பிறகு ஒருநாள் பாலின் தித்திப்பு நாக்கில் தெரிந்தது. பாலுக்கென்று ஒரு தித்திப்பு இருக்கிறது, நாற்பது வருஷமாக அதன் மேல் சீனியைக் கொட்டி மூடி வைத்திருந்தேன். கொய்யா, பச்சைப் பட்டாணி, நன்றாக வெந்த வெங்காயம், இதிலெல்லாம்கூட இப்போது எனக்குத் தித்திப்பு தெரிகிறது.

வீட்டில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அத்தைக்கு 76 வயது, அவர்கள் காப்பிக்குச் சீனி வேண்டும், அது அவர்கள் உரிமை. ஒரு சின்ன டப்பா அவர்கள் அறையில் இருக்கிறது. அடுக்களையில் பெரிய டப்பா கிடையாது. கைக்கெட்டும் இடத்தில் இல்லாத பொருளுக்குக் கை நீளுவதில்லை. மாதம் ஐந்து கிலோ வாங்கிய வீட்டில் இப்போது ஒன்றரை கிலோ போதுகிறது. பையன் தானாகவே ஒரு ஸ்பூனுக்கு இறங்கிவிட்டான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆசையைச் சமாளிக்க இன்னொன்றும் உதவியது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டு வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருக்கும், சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். கூட வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி ஊரிலிருந்து பத்து இலை பறித்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு ஆளுக்கு இரண்டு இலை மென்றோம். கசப்பு, கொஞ்சம் வழவழப்பு, துப்பிவிட்டு வாய் கொப்பளித்தோம். அப்புறம் அவள் ஒரு சிட்டிகை சீனியை என் உள்ளங்கையில் வைத்து, போடு என்றாள். போட்டேன். மணல். பல்லில் நறநறவென்று கடிபட்டது, கரைந்தது, தித்திப்பு மட்டும் இல்லை. கடலை மிட்டாய் ஒரு துண்டு கடித்தேன், வேர்க்கடலை ருசி அப்படியே இருக்கிறது, தித்திப்பைக் காணோம். நாக்கில் தித்திப்பை உணரும் இடத்தை அந்த இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலம் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடுகிறது, அரை மணி நேரம் போல. அரை மணி நேரம் போதும், ஆசையின் ஆயுளே இருபது நிமிஷம்தானே. மோசமான நாளில் இப்போதும் ஒரு இலை மெல்வேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த இலையையோ பொடியையோ தொட வேண்டாம், ரத்தத்தில் சர்க்கரை அளவு அதிகமாக இறங்கிவிடக் கூடும்.

இத்தனையும் என் கையில் இருந்தது, செய்துவிட்டேன். என் கையில் இல்லாதது வாசலுக்கு வெளியே இருப்பது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் கடைக்கு பிளாஸ்கில் டீ வரும், பதினொன்றுக்கும் நாலுக்கும். எல்லோருக்கும் சேர்த்துச் சீனி போட்டுக் கலக்கியே வரும். எனக்கு மட்டும் வித்தவுட் வேண்டும் என்று டீ வாங்கி வரும் தம்பியிடம் சொன்னேன். அவன் தயங்கி, ‘ஏன்க்கா, சுகரா?’ என்றான். இல்லைப்பா என்றேன். நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் கடை பூராவும் எனக்குச் சுகர் என்று பரவிவிட்டது. கணக்குப் பிள்ளை ஒருவர் வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னார், இன்னொருவர் தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி பெயர் சொன்னார். எல்லாம் பிரியத்தில் சொன்னதுதான். ஆனால் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அதே கேள்வி வரும்போது, பேசாமல் சீனி டீயையே குடித்துவிடலாம் என்று தோன்றும். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடு எங்களுடையது. பெண்ணோட அம்மாவுக்குச் சுகர் என்று பேச்சு பரவினால் என்ன ஆகும் என்று என் மதினி வெளிப்படையாகவே சொன்னாள், வெளியில் கேட்டால் ஒரு வாய் குடித்துவிடேன் என்று. அவள் சொன்னதில் தப்பில்லை. நம்மூரில் சீனியை மறுக்க நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி.

இதை நான் மனத்தாங்கலாக மட்டும் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில், அதாவது நான் இருந்த அந்த நடுவில். வியாதிக்காரரைவிட நடுவில் நிற்பவர்தான் அதிகம். சீனியைக் குறைத்தால் உண்மையிலேயே தப்பிக்க வாய்ப்புள்ளவர்கள் இந்த 13.6 கோடிப் பேர். அவர்களிடம்தான் நாம் ‘உனக்கு என்ன, சுகரா, இல்லையே, சும்மா சாப்பிடு’ என்று தட்டை நீட்டுகிறோம். வியாதி வரட்டும், அப்புறம் வேண்டாம் என்று சொல்லிக்கொள் என்பதுதானே இதன் பொருள்?

டீக்கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மூர் டீக்கடையில் சீனி முதலில் கிளாஸில் விழும், அதன் மேல் டிகாக்‌ஷன், பால் எல்லாம். சீனியை விட்டுவிடுவது மாஸ்டருக்கு ஒரு ஸ்பூன் வேலை மிச்சம். வித்தவுட், அரை சீனி, சீனி கம்மி என்று எப்படிக் கேட்டாலும் முகம் கோணாமல் தருகிறார்கள். கலந்தே வருகிற பிளாஸ்க் டீயும் கேன் டீயும்தான் தொல்லை. அலுவலகம், ரயில், ஆஸ்பத்திரி வராந்தா, எல்லா இடத்திலும் அதுதான். சீனியைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் கடையில் முதலாளியிடம் சொல்லி அப்படி மாற்றினோம். முதல் வாரம் எல்லோரும் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டார்கள். இப்போது பதினாலு பேரில் ஐந்து பேர் போடுவதில்லை, அதில் ஒருவருக்கும் வியாதி கிடையாது.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு வேலை முடிந்து நான் பஸ்ஸுக்குப் போகும் வழி நெல்லையப்பர் கோயிலை ஒட்டிய கீழ ரத வீதி. இருட்டுக்கடை திறந்து கூட்டம் நிற்கும் நேரம் அது. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சீனிப் பாகில் நெய் விட்டுக் கிண்டிய அல்வாவை இலையில் வைத்துக் கொடுப்பார்கள், சூட்டில் நெய் இலையின் ஓரத்துக்கு ஓடி வந்து நிற்கும். அந்த மணத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்ட என்னால் முடியாது, தாண்ட வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் அன்று அங்கேயே நின்று 50 கிராம் சாப்பிடுவேன், வீட்டுக்கு வாங்கி வர மாட்டேன். அந்த ஐம்பது கிராமை ஐந்து நிமிஷம் வைத்துச் சாப்பிடுகிறேன். முன்பு கால் கிலோ வாங்கி வந்து டிவி பார்த்துக்கொண்டே காலி செய்ததில் ஒரு வாயாவது எனக்கு நினைவிருக்கிறதா என்றால் இல்லை. கோயில் பிரசாதம் விரல் நுனியில் எடுத்துக்கொள்வேன். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு லட்டைப் பிட்டுப் பாதி சாப்பிடுவேன். என்றைக்காவது சாப்பிடும் இனிப்போடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை ருசியே தெரியாமல் உள்ளே போன சீனியைத்தான் நான் விட்டேன்.

நடுவில் ஒரு தடவை சறுக்கியது. போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கொண்டு வந்த மைசூர்பாக்கை ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து ஆறு துண்டு தின்றேன். மறுநாள் எட்டு. மூன்று நாள் அப்படியே போனது. பழைய நான் என்றால் அத்தோடு விட்டிருப்பேன். இந்தத் தடவை காலண்டர் தாளை எடுத்து அதையும் எழுதினேன், மணி, எண்ணிக்கை, அன்று மத்தியானம் பலகார வேலையில் சாப்பிடாமல் இருந்தது உட்பட. மிச்சத்தை எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நாலாம் நாள் சரியாகிவிட்டது. விரதம் முறிந்தது மாதிரி கட்டுரையாளர் எழுதுகிறாரே, ஒருநாள் தவறினால் ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கு என்று, அது ஆளைக் கவிழ்த்துவிடும். தவறின நாளை ஒருநாளாக மட்டும் எண்ணிக்கொண்டால் போதும்.

இன்னொரு விஷயம் பாக்கெட். வீட்டில் வாங்கும் மேரி பிஸ்கட்டைப் பத்தியச் சாப்பாடு மாதிரி காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிறோம். எங்கள் வீட்டுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் சீனி. கோலா பானத்தில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல், அப்படியென்றால் ஒரு சின்ன பாட்டிலிலேயே அந்த 25 கிராம் முடிந்தது. குளுகோஸ் சிரப், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று வெவ்வேறு பெயரில் எழுதியிருப்பார்கள், எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க நான் பையனுடைய போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அவனும் ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னான். நம் நாட்டுச் சட்டப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும், தமிழ் அவரவர் விருப்பம். பத்து ரூபாய்ப் பாக்கெட்டை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற என் ஆச்சி மாதிரி ஒருத்திக்கு அதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எத்தனை ஸ்பூன் சீனி என்று முன்பக்கத்தில் தமிழில் பெரிதாக ஒரு எண் போட முடியாதா? விளம்பரம் மட்டும் நல்ல தமிழில்தானே வருகிறது.

பிள்ளைகளுக்கு ‘ஹெல்த் டிரிங்க்’ என்று கொடுத்துவந்த மாவுகளை அந்தப் பெயரில் வகைப்படுத்தி விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய வியாபாரிகளிடம் சொன்னது. 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது, எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று பிள்ளைகள் பார்வையில் படும்படி. நல்ல காரியம். எங்கள் தெருப் பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும். அவர்கள் பள்ளிச் சுவரிலும் அந்தப் பலகை தமிழில் வர வேண்டும். ஒரு டப்பா பெயின்ட், ஒரு நாள் வேலை. பள்ளி வாசலில் ஐஸ் விற்பவரை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைக்கு எண் தெரிந்தால் போதும், அதுவே பேசும்.

ரேஷனைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். கிலோ 25 ரூபாய்க்குச் சீனி கிடைப்பது ஏழை வீட்டுக்கு உதவி, அதை நிறுத்தச் சொன்னால் நான் பாவி. ஆனால் அதே அரசு மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இலிருந்து சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறது. என் தெருவில் ஒரே வீட்டு வாசலில் இரண்டையும் பார்க்கிறேன். சீனி வேண்டாம் என்கிற கார்டுக்கு அதே மதிப்பில் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ கொடுக்க ஏற்பாடு செய்யலாம். கட்டாயமில்லாமல், கேட்பவருக்கு மட்டும். எங்கள் வீட்டில் நான் கண்டது இதுதான், பயறு ஏறின மத்தியானத்தில் சீனி ஆசை தானாக இறங்கியது. அது அரசுக்கும் தெரிந்தால் நல்லது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளி மலருக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் முப்பது நாற்பது பக்கம் இனிப்புக் குறிப்பு போடுகிறீர்கள், அதை நானும் விரும்பித்தான் படிக்கிறேன், போடுங்கள். அதில் எத்தனை கப் சீனி என்று எழுதுகிற இடத்தில், ஒரு துண்டுக்கு எத்தனை ஸ்பூன் வருகிறது என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். கார வகைக்கு இன்னும் நாலு பக்கம் கூட்டுங்கள், காராச்சேவு, தட்டை, நெய் விடாத பயறு வகைகள். அப்புறம், ஒரு அரைப் பக்கம், விருந்துக்கு வந்தவர் இனிப்பு வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் ஒரு முறுக்கை எடுத்து வையுங்கள் என்று உங்கள் பத்திரிகை பெயரில் எழுதுங்கள். நான் சொன்னால் எங்கள் மதினி கேட்க மாட்டாள், பேப்பரில் போட்டிருக்கிறது என்றால் கேட்பாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை